குரலுக்கு உடையவனைத் தேடியவர்: கில்பர்ட் ஒயிட்

கடையைச் சாத்தி, அன்றைய கணக்கை முடித்துவிட்டு, சிறு பட்டணத்துக் கடைவீட்டு மாடியில் படுத்திருக்கும் நம்மவர்கள் பலர் ஓர் ஓசையைக் கேட்டிருப்பார்கள். ஊர் அடங்கிய பிறகு, கித்தாத் தோட்டத்தின் ஓரத்திலிருந்தோ கம்போங் பாதையிலிருந்தோ, தச்சன் கட்டையில் சுத்தியலால் தட்டுவதுபோல் டொக், டொக், டொக் என்று அது வரும். சற்று நிற்கும். மறுபடி வரும். மலாய்க்காரர்கள் இதற்குப் பூரோங் துக்காங், அதாவது தச்சப் பறவை, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த இலையின் நிறம் கொண்டு, பகலெல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும் பக்கிக்குருவி இனத்தைச் சேர்ந்த பறவை அது.

இதன் குரலைக் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். பறவையை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றித்தான் உலகில் கதைகள் பெருகும். யாரோ சொன்னார், அவருக்கு வேறு யாரோ சொன்னார் என்று கதை வளர்ந்துகொண்டே போகும். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் அரிது.

அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் சரித்திரத்தையே இங்கே சொல்லப் போகிறோம். அவர் அரசரல்லர், படைத்தலைவரல்லர், பெருஞ்செல்வருமல்லர். இங்கிலாந்தின் ஒரு மூலையில், ஒரு சிறு கிராமத்தில், ஏறக்குறைய தம் வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒரு பாதிரியார். பெயர் கில்பர்ட் ஒயிட்.

பிறப்பும் கல்வியும்

லண்டன் மாநகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில், ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் செல்போர்ன் என்னும் கிராமம் இருக்கிறது. ஊருக்குப் பின்னே செங்குத்தான ஒரு குன்று. அதன் சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்த காடு. அவ்வூர்க் கோயிலின் பாதிரியாராக இருந்தவர் ஒயிட்டின் பாட்டனார். அவருடைய இல்லத்தில் 1720-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் பிறந்தார். பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் வைக்கப்பட்டது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் ஓரியல் கல்லூரியில் படித்து 1743-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அக்கல்லூரியில் உறுப்பினர் பதவி கிடைத்தது. கல்வியும் குணமும் உள்ளவராதலால் வேறு ஊர்களில் நல்ல வருமானமுள்ள பதவிகள் அவரைத் தேடி வந்தன. அவற்றை அவர் நாடவில்லை. செல்போர்ன் கோயிலின் முழுப் பதவியோ அவருக்குக் கிடைக்க வழியில்லை. அப்பதவியைக் கொடுக்கும் உரிமை மாக்டலன் என்னும் வேறொரு கல்லூரியைச் சேர்ந்தது. எனவே தம் சொந்த ஊரில் துணைப் பாதிரியாராகவே பல காலம் பணியாற்றி, அந்த நிலையிலேயே காலமானார். மணம் செய்துகொள்ளவுமில்லை.

அவருடைய சகோதரர்களில் இருவர் நம்மைப் போன்ற வியாபாரிகள் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். தாமஸ் என்பவர் லண்டனில் வணிகம் செய்தவர். பெஞ்சமின் என்பவர் அதே நகரில் பிளீட் தெருவில் புத்தகக் கடையும் பிரசுரமும் நடத்தியவர். ஜான் என்னும் இன்னொரு தம்பி ஜிப்ரால்டர் கோட்டையில் படையினருக்குப் பாதிரியாராக இருந்தார். இவர்களில் பெஞ்சமினும் ஜானும் அண்ணனுடைய வேலைக்கு எவ்வாறு துணை நின்றார்கள் என்பதைப் பின்னர் காண்போம்.

நாள் தவறாத ஏடு

கடை நடத்துகிறவனுக்குச் சிட்டையும் பேரேடும் எப்படியோ, அப்படி ஒயிட்டுக்குத் தினக்குறிப்பு. 1751-ஆம் ஆண்டு தம் தோட்டத்துக்கென்று ஓர் ஏடு தொடங்கினார். இன்று எந்த விதை ஊன்றினோம், எந்தப் பாத்திக்கு எவ்வளவு உரம் இட்டோம், எந்த நாளில் முளை கண்டது என்பதெல்லாம் அதில் ஏறின. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், டெயின்ஸ் பாரிங்டன் என்னும் சட்ட அறிஞர் அச்சிட்ட ஒரு படிவம் அவர் கைக்கு வந்தது. நாள், காற்று, மழை, வெப்பம், பூத்த செடி, வந்த பறவை என்று தனித்தனியே பத்தி பிரித்திருந்த படிவம் அது. 1768-ஆம் ஆண்டு தொடங்கி அதை நிரப்பத் தொடங்கியவர், 1793 ஜூன் மாதம் சாகும் தறுவாய் வரையில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டே வந்தார்.

இதனால் வந்த லாபம் என்ன என்று கேட்கலாம். ஒரு நாள் கணக்கைப் பார்த்து வியாபாரத்தின் போக்கை யாராலும் சொல்ல முடியாது. பத்து வருஷத்துப் பேரேட்டைப் புரட்டினால், எந்த மாதம் எந்தச் சரக்கு நகரும் என்பது தானே தெரியும். ஒயிட்டுக்கும் அப்படித்தான் தெரிந்தது. எந்தக் குரல் எந்த மாதத்தில் முதலில் கேட்கும், எது எப்போது ஓயும் என்பதை அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய ஏடே சொல்லிற்று.

முள்வேலிக்குள் ஒரு குரல்

1768-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஒயிட்டுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. அவருடைய வயலோரத்து முட்புதர் வேலியில் ஒரு சத்தம் எழுந்தது. மெல்லிய சக்கரம் ஒன்று விடாமல் சுழல்வது போலவும், வெட்டுக்கிளி இரைவது போலவும் சில நிமிஷங்கள் நீடிக்கும் சத்தம். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. நூறு கஜத்துக்கு அப்பால் இருந்து வந்தாலும் காலடியில் கேட்பது போலிருக்கும். காலடிக்கே போனாலும் அதிகப்படியாக உரத்துக் கேட்காது. எங்கிருந்து வருகிறது என்று காதால் மட்டும் கணிக்க இயலாது.

ஊர் மக்களைக் கேட்டால், அது வெட்டுக்கிளி என்பார்கள். பறவையின் குரல் என்று யாராவது சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கமாட்டார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சத்தம். அதைப் பறவை என்று சொன்னவர் எவருமில்லை.

ஒயிட் இரண்டு வழிகளில் இதை ஆராய்ந்தார். முதலாவது, ஏட்டு அறிவு. ஏப்ரல் மாதத்தில் அவ்வூரில் வெட்டுக்கிளிகள் முட்டையிலிருந்தே வெளிவந்திருக்கமாட்டா. பிறக்காத பூச்சி எப்படி இரையும்? இந்த ஒரு கேள்வியே ஊராரின் விடையைத் தள்ளிவிட்டது. மாதமும் தேதியும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வி தோன்றியே இராது.

இரண்டாவது, நேரில் காண்பது. இது சுலபமாக இல்லை. ஒயிட் வேலிக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு, மற்றோர் ஆளை மறுபக்கத்துக்கு அனுப்பினார். இருவருமாக வேலியோடு நடந்தார்கள். உள்ளே இருந்தது பறக்கவில்லை. முள்ளின் அடியில் சுண்டெலி போல் ஊர்ந்து, நூறு கஜ தூரம் அவர்களுக்கு முன்னே ஓடிற்று. நன்றாக முகம் காட்டவே இல்லை. ஆனால் அவர் விட்டுவிடவில்லை. விடியற்காலையில், யாரும் தொந்தரவு செய்யாத வேளையில் அது ஒரு கிளையின் நுனியில் ஏறி, வாயை அகலத் திறந்து, சிறகுகள் நடுங்கப் பாடியதைக் கண்டுகொண்டார். பழுப்பு நிறமான ஒரு சிறு பறவை. பன்னிரண்டு பதின்மூன்று கிராம் எடைதான் இருக்கும்.

இப்பறவையைப் பற்றி ஒயிட்டுக்கு முன் யாரும் எழுதாமலில்லை. ஜான் ரே என்பவர் இங்கிலாந்தின் பறவை நூலுக்கு மூலவர் எனத்தக்க பேரறிஞர். ஆனால் அவரும் இதைத் தாமாகப் பார்க்கவில்லை. வேறொருவர் சொல்லக் கேட்டு எழுதினார். சொன்னவரோ இதை வேறோர் இனத்தோடு குழப்பிவிட்டார். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒயிட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவரைப் பழித்துப் பேசவுமில்லை. தாம் கண்டதை மட்டும் எழுதினார். இன்றைக்கு இப்பறவையின் பெயர் கிராஸ்ஹாப்பர் வார்ப்ளர், அதாவது வெட்டுக்கிளிக் குருவி. 1783-இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. இப்போது அது சேர்க்கப்பட்டிருக்கும் இனத்தின் லத்தீன் பெயருக்கும் சிறு வெட்டுக்கிளி என்பதே பொருள்.

ஒன்றா, மூன்றா?

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அதே ஆண்டில் நடந்தது.

இங்கிலாந்தில் வசந்தம் வந்ததும் மரங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த, விரல் நீளமேயுள்ள ஒரு குருவி நிறையக் காணப்படும். அதன் எடை ஏறத்தாழப் பத்துக் கிராம்தான். அக்காலத்து அறிஞர்கள் இவற்றையெல்லாம் ஒரே இனம் என்று ஒரு பெயரில் அடக்கியிருந்தார்கள். ஒரு தட்டில் கொட்டி வைத்தால் இன்றும் பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். டெர்ஹாம் என்னும் ஒருவர் மட்டும் இதில் மூன்று வகை இருக்கலாமென்று முன்னரே எண்ணியிருந்தார். அதை நிலைநாட்டியவர் ஒயிட்.

அவருக்கு வழி காட்டியது கண்ணல்ல, காது. மார்ச் நடுவிலேயே வந்துவிடும் ஒன்று இரண்டே சுரங்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும்: சிப், சாப், சிப், சாப் என்று. ஆகஸ்டுக் கடைசி வரையில் அதற்கு வேறு பாட்டு இல்லை. இன்னொன்று மேலே தொடங்கி இனிமையாக இறங்கி வந்து ஓயும் ஒரு சிறு பாட்டைப் பாடும். மூன்றாவது, குன்றின்மேல் உயர்ந்த பீச் மரங்களின் உச்சியைவிட்டு இறங்குவதில்லை. பளிங்கு மேசையில் சுழற்றிவிட்ட வெள்ளிக்காசு வேகமெடுத்து அடங்குவது போன்ற ஓர் ஒலியை அது விட்டு விட்டு எழுப்பும். அப்போது அதன் சிறகுகளும் அதிரும்.

உருவம் ஒன்று, குரல் மூன்று. ஒரே பறவை மூன்று விதமாகப் பாடுகிறதா? அல்லது மூன்று பறவைகள் ஒரே உடையில் இருக்கின்றனவா? வெறுமனே யோசித்துக்கொண்டிருந்தால் இதற்கு முடிவு வராது. தூரதரிசினிக் கண்ணாடியுடன் பறவை பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. துப்பாக்கியால் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதே வழக்கம். ஒயிட்டும் அவ்வாறே செய்தார். மூன்று குரலுக்கும் உரிய பறவைகளைத் தருவித்து, ஒன்றன்பக்கம் ஒன்றாக மேசைமேல் வைத்து, அளந்து, தராசில் நிறுத்தார்.

அப்போது உண்மை புலப்பட்டது. மூன்றும் மூன்று அளவு. இரண்டு சுரம் பாடுவதே மூன்றிலும் சிறியது; அதற்குக் கறுத்த கால்கள். மற்ற இரண்டுக்கும் வெளிறிய தசை நிறக் கால்கள். இறங்கிப் பாடுவது, தட்டிப் பாடுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு எடை கூடியது. மர உச்சியில் இருப்பது எல்லாவற்றிலும் பெரியது, மஞ்சள் மிகுந்தது, அதன் சிறகிறகுகளின் நுனியில் வெள்ளை விளிம்பு உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. குரல் சொன்னதைத் தராசும் சொல்லிவிட்டது.

இன்று இவை சிப்சாப், வில்லோ வார்ப்ளர், வுட் வார்ப்ளர் என்று மூன்று தனி இனங்கள். சிப்சாப்புக்கு நிலையான விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1817-இல்தான். ஒயிட் இவற்றைப் பிரித்தறிந்து அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில் அது நடந்தது. முதலிரண்டில் எது எது என்று ஐயம் வந்தால், இன்றும் தேர்ந்தவர்கள் அது வாயைத் திறக்கும் வரை பொறுத்திருக்கவே விரும்புகிறார்கள்.

தவற்றை ஒப்புக்கொண்ட கடிதம்

நிற்க. இந்த இடத்தில் ஒயிட்டின் குணத்தைக் காட்டும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

தாமஸ் பென்னன்ட் என்பவர் வேல்ஸ் நாட்டுச் செல்வர். பிரிட்டனின் உயிரினங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிப் புகழடைந்தவர். கிராமத்துப் பாதிரியாரான ஒயிட் 1767 முதல் அவருக்குக் கடிதம் எழுதி வந்தார். பென்னன்ட் ஒரு பறவைக்குத் தாமாக ஒரு பெயர் வைத்திருந்தார். 1768 ஏப்ரல் 18-ஆம் தேதியிட்ட கடிதத்தில், அந்தப் பறவை தமக்கு நன்றாகத் தெரியும் என்று ஒயிட் அடித்துச் சொல்லிவிட்டார். உண்மையில் அதுவரை அவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

பின்னர் அந்தப் பறவை கைக்குக் கிடைத்தது. பார்த்தால், தாம் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்ன மூன்றில் பெரியதே அது. இப்போது என்ன செய்வது? பழைய கடிதத்தைப் பற்றிப் பேசாமலே இருந்திருக்கலாம். பென்னன்ட் கவனித்திருக்கவே மாட்டார். சாமர்த்தியமாக வார்த்தையை மாற்றிப் போட்டிருக்கலாம். மதிப்புக்குரிய பெரிய மனிதரிடம், நான் பாராமலே சொன்னேன் என்று எழுதுவது கசப்பான காரியம்.

ஆகஸ்டு 17-ஆம் தேதி ஒயிட் எழுதினார். மூன்று இனங்கள் உண்டு என்பதை ஐயமறக் கண்டேன் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே, ஏப்ரலில் தாம் உறுதியாகச் சொன்னது பாராமல் சொன்னது என்றும், அது தவறென்றும் ஒப்புக்கொண்டார். தம் வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பையும் தம் பிழையையும் ஒரே தாளில் வைத்தார். அது மட்டுமன்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் கடிதங்களை நூலாகத் தொகுத்தபோது, அந்த வரிகளை நீக்கிவிடும் சுதந்திரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. நீக்கவில்லை. உலகம் முழுவதும் படிக்கும்படி விட்டுவைத்தார்.

நம் தொழிலில் ஒரு பற்றுச் சீட்டில் பிழை நேர்ந்தால், அதைச் சுரண்டி அழிப்பவனை யாரும் நம்பமாட்டார்கள். மேலே ஒரு கோடிட்டு, பக்கத்தில் சரியான தொகையை எழுதிக் கையெழுத்திடுகிறவனுடைய ஏட்டையே நம்புவார்கள். ஒயிட்டின் ஏட்டை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்புவதற்கு இதுவே காரணம்.

பழி சுமந்த பறவை

குரலைக் கேட்டு முடிவு கட்டுவதால் சில சமயம் உயிருக்கே ஆபத்து நேரும். அதற்குச் சான்று, இங்கிலாந்தின் பக்கிக்குருவி.

நம் நாட்டுத் தச்சப் பறவைக்கு உறவான அது தட்டுவதில்லை. இருட்டியதும் இராட்டினம் சுற்றுவது போன்ற நீண்ட ஒலியை எழுப்பும். வேளை தவறாது. காற்று அடங்கிய மாலைகளில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் வெடிக்கும் அந்திப் பீரங்கியின் ஓசை செல்போர்ன் வரை கேட்குமாம். அந்த ஓசையும் பறவையின் முதல் ஒலியும் ஒரே சமயத்தில் எழுந்ததை ஒயிட் ஒரு முறைக்கு மேல் கேட்டிருக்கிறார். ஒரு மாலை, குன்றின் சரிவில் வைக்கோலால் வேய்ந்த ஒரு சிறு குடிலில் அவரும் நண்பர்களும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பறவை குடிலின் உச்சியில் வந்து உட்கார்ந்து பாடத் தொடங்கிற்று. அத்தனை சிறிய உயிரின் குரலால் குடில் முழுவதும் அதிர்ந்ததை எல்லாரும் உணர்ந்து வியந்தார்கள்.

இருட்டில் இப்படி விநோதமாக ஒலிக்கும் பறவையைப் பற்றி நல்ல பெயரா கிடைக்கும்? இரவில் வந்து ஆட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று ஐரோப்பா முழுவதும் நம்பினார்கள். அதன் லத்தீன் பெயருக்கே ஆட்டுப்பால் குடிப்பது என்று பொருள். ஹாம்ப்ஷயர் குடியானவர்களோ இன்னொரு குற்றமும் சுமத்தினார்கள். இளங்கன்றுகளின் முதுகில் புண் உண்டாகி அவை நலிந்து சாகும் ஒரு நோய் இருந்தது. இந்தப் பறவை கொத்துவதால்தான் அது வருகிறதென்று, நோய்க்கும் பறவைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். கன்றை இழந்தவனுடைய கோபம் பறவையின்மேல் திரும்பிற்று.

ஒயிட் பறவையின் பக்கத்தையும் விசாரித்தார். வண்டுகள் மொய்த்த ஒரு பெரிய ஓக் மரத்தைச் சுற்றி அது பறந்து இரை பிடிப்பதை நெடுநேரம் நின்று பார்த்தார். பறந்துகொண்டே காலால் எதையோ பற்றி வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டார். இரவுப் பூச்சிகளே அதற்கு உணவு. பாலுமல்ல, கன்றின் தசையுமல்ல. கன்றின் நோய்க்குக் காரணம் ஒருவகை ஈ என்று எடுத்துக்காட்டினார். அந்த ஈயின் புழுக்களே மாட்டின் முதுகுத் தோலுக்கடியில் இருந்து புண்ணை உண்டாக்கின. புண் கண்ணுக்குத் தெரிந்தது; புழு தோலுக்குள் மறைந்திருந்தது; இருட்டில் கத்திய பறவை மாட்டிக்கொண்டது. கொஞ்சம் கவனித்திருந்தால் ஆட்டுக்காரரும் மாட்டுக்காரரும் இந்தப் பறவையை எப்போதோ விடுவித்திருப்பார்கள் என்பது அவர் முடிவு.

செவி மந்தமானபோது

குரல்களைக் கொண்டே உலகை அறிந்த இம்மனிதருக்கு ஒரு பெருந்துன்பம் வந்தது. 1770-களில் அவருக்கு அடிக்கடி காது மந்தமாகிவிடும். சில காலம் கேட்கும். சில காலம் கேட்காது. அந்நாட்களில் வசந்தமே வந்தாலும் அவர்வரையில் பாட்டில்லாத மாதம் போலவே கழியும். பறவை ஆராய்ச்சிக்குத் தாம் பாதித் தகுதியை இழந்துவிட்டதாக நண்பர் பாரிங்டனுக்கு எழுதி வருந்தினார்.

ஆனால் ஏட்டை மூடிவிடவில்லை. கண் கூர்மையாயிருந்தது, கண்ணால் ஆவதைச் செய்தார். காது தெளிந்த நாட்களில் காதையும் பயன்படுத்தினார். தம்மால் தீர்க்க முடியாததற்குப் பிறரைத் துணை கொண்டார். ஆந்தைகள் எந்தச் சுரத்தில் கூவுகின்றன என்பதை, சுருதிக் குழல் வைத்திருந்த சங்கீத ஞானமுள்ள நண்பர்களைக் கொண்டு அறிந்தார். எல்லா ஆந்தையும் ஒரே சுரம் என்று ஒருவர் சொன்னார். இல்லை, வெவ்வேறு சுரங்கள் உண்டு என்று மற்றொருவர் அறிந்து சொன்னார். குயில்களுக்கும் அப்படியே வேறுபாடு கண்டார்கள். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலத்தையும் ஒயிட் பதிந்து வைத்தார். தமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவில்லை.

ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை முடிவு காணவில்லை. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? கடல் கடந்து செல்கின்றன என்பார் ஒரு சாரார்; பொந்துகளில் மறைந்து உறங்குகின்றன என்பார் மற்றொரு சாரார். ஜிப்ரால்டரிலிருந்த தம்பி ஜான், பறவைகள் கூட்டங்கூட்டமாக நீரிணையைக் கடப்பதை எழுதி அனுப்பினார். ஆயினும் சில குருவிகளாவது உள்ளூரிலேயே ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒயிட்டை விடவில்லை. ஆள் வைத்துப் பொந்துகளையும் கூரைகளையும் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையே எழுதினார். அவை ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. ஒயிட்டின் எண்ணம் தவறு. அவருடைய குறிப்பு தவறன்று.

நூலும் முடிவும்

பென்னன்டுக்கும் பாரிங்டனுக்கும் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமைகளும் என்னும் பொருள்படும் நூலை அவர் முடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தம்பி பெஞ்சமின் அதைப் பிரசுரித்தார். 1788 டிசம்பரில் வெளிவந்த அந்நூலின் முகப்பில் 1789 என்று அச்சிட்டிருந்தது. அப்போது ஆசிரியருக்கு வயது அறுபத்தெட்டு. அன்றுமுதல் இன்றுவரை அது 200-க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டிருக்கிறது. பேர்பெற்ற சார்லஸ் டார்வின் சிறுவனாயிருந்தபோது இந்நூலைப் படித்துத்தான் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் செல்போர்னுக்கு நேரில் சென்றும் பார்த்தார்.

நூல் வெளிவந்த பின்னும் ஒயிட் தினக்குறிப்பை நிறுத்தவில்லை. 1793 ஜூன் 15-ஆம் தேதி வரையில் அவர் கையெழுத்து இருக்கிறது. பதினொரு நாள் கழித்து, ஜூன் 26-ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில் காலமானார். செல்போர்ன் கோயில் முற்றத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் ஒரு சிறு கல் நிற்கிறது. அதில் பெயரின் முதலெழுத்துகளும் இறந்த தேதியும் தவிர வேறொன்றுமில்லை. அவர் வாழ்ந்த வீடு இப்போது பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக விளங்குகிறது.

அவர் பிரித்தறிந்த குரல்களில் சில இன்று குறைந்து வருகின்றன. வெட்டுக்கிளிக் குருவியும் வுட் வார்ப்ளரும் பிரிட்டனில் அருகிவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. குறைகிறது என்று நம்மால் சொல்ல முடிவதே, முன்னர் இருந்ததை ஒருவர் எழுதிவைத்ததனால்தான்.

அன்பர்களே, சந்தையிலும் காதில் விழும் குரல்கள் பல. இன்னார் கடை நொடித்துவிட்டது என்று ஒரு குரல். இன்ன சரக்கு விலை ஏறப்போகிறது என்று ஒரு குரல். இன்னார் நாணயம் இல்லாதவர் என்று ஒரு குரல். ஒன்றுமறியாத பக்கிக்குருவி கன்றின் நோய்க்குப் பழி சுமந்ததுபோல, நம்மிடையேயும் பாராத கண்ணின் தீர்ப்பால் பழி சுமந்தவர்கள் உண்டு. கடனும் மதிப்பும் இழந்து கடையைச் சாத்தியவர்களும் உண்டு. குரல் எங்கிருந்து வருகிறது, யாருடையது என்று வேலியின் இருபுறமும் நடந்து பார்ப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தவர் கில்பர்ட் ஒயிட். பாராமல் சொல்லிவிட்டதைத் திரும்பப் பெறவும் அவர் கூசவில்லை.

அடுத்த முறை கம்போங் பாதையில் டொக், டொக் என்று அந்தச் சத்தம் கேட்டால், பக்கத்திலிருப்பவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போய்ப் பாருங்கள்.